தரமிட்டதா, தரமிடாததா? நவீன வெள்ளிப் புல்லியன் காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

ஒரே ஆண்டில், ஒரே நாணயச்சாலையில், ஒரே வடிவமைப்பில் அடிக்கப்பட்ட இரண்டு வெள்ளிக் காசுகளில் ஒன்று வெள்ளியின் மதிப்பைவிடச் சற்றே கூடுதலான விலைக்குக் கிடைக்கிறது; மற்றொன்று கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு எண்ணுடன் அமர்ந்துகொண்டு அதைப்போல இருமடங்கு விலை கேட்கிறது. இந்தச் சேகரிப்புக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான். இரண்டிலும் இருக்கும் வெள்ளி ஒன்றே. கூடுதல் விலை முழுவதும் காசின் நிலையைப் பற்றி ஒரு நிறுவனம் சொன்ன கருத்துக்காகக் கேட்கப்படுவது. காசின் நிலைக்கு இப்படி எண் கொடுப்பதே தரமிடல். அந்தக் கருத்து எப்போது பணம் கொடுத்து வாங்கத் தக்கது, எப்போது வெறும் அலங்காரம் என்று பிரித்தறியத் தெரிந்துவிட்டால் இந்தத் துறையில் ஏற்படும் பெரிய இழப்புகளைத் தவிர்த்துவிடலாம். கீழே உள்ள படிகள் அந்த நோக்கத்துடன் வரிசைப்படுத்தப்பட்டவை.

முதல் படி: எதை வாங்குகிறோம் என்று பெயர் சொல்லப் பழகுங்கள்

புல்லியன் காசு என்பது, ஓர் அரசு நாணயச்சாலை உலோக மதிப்பை முதன்மையாகக் கருதி, பெருமளவில் அடித்து வெளியிடும் காசு. அதன் மேல் முகமதிப்பு பொறிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த முகமதிப்பு உள்ளிருக்கும் வெள்ளியின் விலையைவிட மிகக் குறைவாகவே இருக்கும். அமெரிக்காவின் சில்வர் ஈகிள் 1986 முதல் வெளிவருகிறது. முகமதிப்பு ஒரு டாலர், எடை ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31.103 கிராம். கனடாவின் மேப்பிள் லீஃப் 1988 முதல் வருகிறது. அதன் தூய்மை 999.9, அதாவது ஆயிரம் பங்கில் 999.9 பங்கு வெள்ளி. ஆஸ்திரியாவின் ஃபில்ஹார்மோனிக் வெள்ளியில் 2008 முதல் வருகிறது. மெக்சிகோவின் லிபர்டாட் 1982 முதல் வருகிறது, அதில் முகமதிப்பே கிடையாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நாணயச்சாலை 1990 முதல் வெளியிடும் குக்கபுராவில் ஆண்டுதோறும் படம் மாறும்.

இவற்றில் இரண்டு காசுகள் புதியவர்களை அடிக்கடி ஏமாற்றும், ஆகவே அவற்றைத் தனியே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் பிரிட்டானியா 2012 வரை 958 தூய்மையில் அடிக்கப்பட்டது. ஒரு அவுன்ஸ் தூய வெள்ளி அதில் அடங்க வேண்டும் என்பதற்காக அதன் மொத்த எடை 32.45 கிராமாக இருந்தது. 2013 முதல் அது 999 தூய்மைக்கு மாறியது. எனவே பழைய பிரிட்டானியா தராசில் கூடுதலாகக் காட்டினால் அதைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. சீனாவின் பாண்டா இதற்கு எதிர்த்திசையில் சென்றது: ஒரு அவுன்ஸாக இருந்த காசு 2016 முதல் 30 கிராமாகக் குறைக்கப்பட்டது. அவுன்ஸ் கணக்கில் விலை ஒப்பிடுபவர்கள் இந்த ஒரு கிராம் சொச்சத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, அடிப்பு முறை. ஒரே ஈகிள் முதன்மையாக மூன்று விதமாக வரும். சாதாரணப் புல்லியன் அடிப்பு பெரிய எண்ணிக்கையில் ட்யூபுகளில் அடைத்து அனுப்பப்படுவது. ப்ரூஃப் அடிப்பு, மெருகேற்றிய தகட்டில் ஒருமுறைக்கு மேல் அழுத்தி, கண்ணாடி போன்ற தரையும் பனிமூடியது போன்ற உருவமுமாகச் செய்யப்படுவது. மூன்றாவது, வெஸ்ட் பாயிண்ட் நாணயச்சாலையின் டபிள்யூ குறியுடன் 2006 முதல் சேகரிப்பாளர்களுக்கென்று வரும், தகட்டை மெருகேற்றி மென்பளபளப்புடன் அடிக்கும் பர்னிஷ்டு அடிப்பு. அமெரிக்க நாணயச்சாலை ப்ரூஃப், பர்னிஷ்டு காசுகளைப் பொதுமக்களுக்கு நேரடியாக விற்கிறது. புல்லியன் ஈகிளை அவ்வாறு விற்பதில்லை, அனுமதி பெற்ற மொத்த வணிகர்கள் வழியாகவே வெளியே விடுகிறது. விற்பனைப் பட்டியலில் வெறுமனே "ஈகிள்" என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்றில் எது என்று கேட்டுத் தெளிந்த பிறகே மேலே பேச வேண்டும்.

இரண்டாம் படி: விலையை இரண்டாகப் பிளந்து பாருங்கள்

எந்த வெள்ளிக் காசின் விலையிலும் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, அன்றைய சந்தையில் ஓர் அவுன்ஸ் வெள்ளியின் விலை. இதை ஸ்பாட் விலை என்பார்கள். மற்றது, அதற்கு மேல் கொடுக்கும் பிரீமியம். அடிப்புச் செலவு, மொத்த வணிகரின் லாபம், சில்லறை வணிகரின் லாபம், தேவை, அரிதான தன்மை, தரமிடல் ஆகிய எல்லாமே பிரீமியத்துக்குள் அடங்கும். ஸ்பாட் விலை எல்லோருக்கும் ஒன்று. பேரம், திறமை, ஏமாற்றம் ஆகியவை அனைத்தும் பிரீமியத்தில்தான் நடக்கின்றன.

வாங்கும் விலையைப் போலவே திரும்பப் பெறும் விலையையும் அதே நாளில் கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை முதல் காசிலிருந்தே தொடங்குங்கள். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். வெள்ளியின் மதிப்பு 100 என்று கொள்வோம். தரமிடாத காசை 115க்கு வாங்கி, மறுநாளே விற்க நேர்ந்தால் வணிகர் 102 தருகிறார் என்றால் இழப்பு 13. அதே காசின், தரமிடலில் மிக உயர்ந்த எண்ணாகிய 70 இட்ட பிரதியை 180க்கு வாங்கி, 130க்குத்தான் விற்க முடிகிறது என்றால் இழப்பு 50. இந்த எண்கள் நான் விளக்கத்துக்காக இட்டவை. ஆனால் வணிகரிடம் உண்மையான எண்களைக் கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், இடைவெளி பெரும்பாலும் தரமிட்ட காசில்தான் அகலமாக இருப்பதைக் காண்பீர்கள். வெள்ளி விலை ஏறினால் முதல் காசு அதனுடன் சேர்ந்து ஏறும். இரண்டாவது காசின் பிரீமியமோ வெள்ளி விலையோடு கட்டுண்டதன்று. வெள்ளி ஏறும்போது அது தேங்கி நிற்கவும் கூடும், சுருங்கவும் கூடும்.

மூன்றாம் படி: அந்த எண் எதைச் சொல்கிறது

தரமிடலில் பயன்படும் 1 முதல் 70 வரையிலான அளவுகோல், வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்காவின் பழைய செப்புச் சதங்களுக்காக வகுத்தது. மிகவும் தேய்ந்த காசின் விலையை ஒன்று என்று வைத்தால் குறையற்ற காசு அதைப்போல எழுபது மடங்கு பெறும் என்ற, அக்காலச் சந்தையை ஒட்டிய கணக்கிலிருந்து அந்த எழுபது வந்தது. நூற்றுக்கு நூறு என்று இல்லாமல் எழுபதில் ஏன் நிற்கிறது என்று வியப்பவர்களுக்கு விடை இதுதான். 1986இல் பிசிஜிஎஸ் நிறுவனமும் 1987இல் என்ஜிசி நிறுவனமும் தோன்றி, காசைப் பார்த்துத் தரமிட்டு முத்திரையிட்ட உறையில் அடைத்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பெருந்தொழிலாக ஆக்கின. அந்த உறையையே சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்கிறார்கள்.

புழக்கத்தில் விடப்படாத காசுகளுக்கு எம்.எஸ். என்ற எழுத்தும் ப்ரூஃப் காசுகளுக்கு பி.எஃப். அல்லது பி.ஆர். என்ற எழுத்தும் எண்ணுக்கு முன்னே வரும். நவீனப் புல்லியனில் 60 முதல் 67 வரையிலான எண்களுக்கு நடைமுறையில் சந்தையே இல்லை. பேச்செல்லாம் 69, 70 ஆகிய இரண்டைப் பற்றியதுதான். ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும், உற்பத்திக்குப் பிறகு ஏற்பட்ட குறை எதுவும் தென்படாத காசுக்கு என்ஜிசி 70 தருகிறது. 69 பெற்ற காசில் இருக்கும் குறை வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதே அரிது.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் விலை இடைவெளியைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். நேற்று அச்சிலிருந்து விழுந்த காசு நல்ல நிலையில் இருப்பது இயல்பு. நாணயச்சாலைகளின் தரக் கட்டுப்பாடு உயர்ந்திருப்பதால் 69க்குக் கீழே பெறும் நவீனக் காசுகளே குறைவு. ஆகவே ஓர் ஆண்டுக் காசில் 70 பெற்றவை ஆயிரக்கணக்கில் இருக்கும். மேலும் பலர் அனுப்ப அனுப்ப அந்த எண்ணிக்கை வளர்ந்துகொண்டே போகும். இரு நிறுவனங்களும் இதுவரை எத்தனை காசுகளுக்கு எந்த எண் தந்தோம் என்ற எண்ணிக்கைப் பட்டியலை வெளியிடுகின்றன. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் ஒரு 70ஐ வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. "இதைவிட உயர்ந்த தரம் வேறு இல்லை" என்று விற்பவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். அதே உயர்ந்த தரத்தில் இன்னும் பல்லாயிரம் காசுகள் இருப்பதை அவர் சொல்ல மாட்டார்.

எண்ணுக்கு அருகில் லேபிளில் அச்சிடப்படும் சொற்களுக்கு இன்னும் குறைந்த மதிப்பே கொடுக்கலாம். "ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்", "ஏர்லி ரிலீசஸ்" போன்றவை, வெளியீட்டிலிருந்து ஏறத்தாழ முதல் 30 நாள்களுக்குள் காசு தரமிடும் நிறுவனத்தையோ அதற்கென ஏற்கப்பட்ட இடத்தையோ வந்தடைந்தது என்பதை மட்டுமே குறிக்கின்றன. புது அச்சின் முதல் அழுத்தத்தில் பிறந்த காசு என்று அந்தச் சொல்லைப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க நாணயச்சாலையோ எந்தக் காசு எந்த வரிசையில் அடிக்கப்பட்டது என்று தான் கணக்கு வைப்பதில்லை என்று வெளிப்படையாகவே கூறியுள்ளது. வடிவமைப்பாளரின் கையொப்பமிட்ட லேபிள், கொடி படம் போட்ட லேபிள், வண்ண உறை ஆகியவற்றையும் இந்த வகையில்தான் சேர்க்க வேண்டும். லேபிளைச் சேகரிப்பதிலும் ஒருவருக்கு மகிழ்ச்சி இருக்கலாம். அதைக் காசின் மதிப்பு என்று கணக்கில் எழுதாமல் இருந்தால் போதும்.

நான்காம் படி: ஸ்லாப் உண்மையாகவே உதவும் இடங்கள்

இதுவரை எழுதியதைப் படித்துத் தரமிடலே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காசு தன்னைப் பற்றித் தானே சொல்ல முடியாத ஒன்றை உறை சொல்லும்போது அதற்குப் பணம் கொடுக்கலாம். இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு 2015ஆம் ஆண்டின் சில்வர் ஈகிள். அந்த ஆண்டில் மொத்தம் 4 கோடியே 70 லட்சம் புல்லியன் ஈகிள்கள் அடிக்கப்பட்டன. அவற்றில் 79,640 காசுகள் மட்டும் ஃபிலடெல்ஃபியாவில் அடிக்கப்பட்டவை. புல்லியன் ஈகிளில் நாணயச்சாலைக் குறி கிடையாது. எனவே ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த காசையும் வெஸ்ட் பாயிண்டில் பிறந்த காசையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்தாலும் பிரித்துச் சொல்ல வழியில்லை. முத்திரை உடைபடாத 500 காசுப் பெட்டிகளின் மேலிருந்த எண்களைக் கொண்டு மட்டுமே தரமிடும் நிறுவனங்கள் அவற்றை அடையாளம் கண்டு லேபிளில் எழுதின. அப்படிப்பட்ட ஒரு காசை உறையை உடைத்து வெளியே எடுத்தால் அது அந்தக் கணமே சாதாரண ஈகிளாகிவிடும். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக் காலத் தட்டுப்பாட்டின்போது ஃபிலடெல்ஃபியாவில் அடிக்கப்பட்ட 240,000 ஈகிள்களுக்கும் இதே நிலைதான்.

விலை மிக உயர்ந்து, போலிகளும் உள்ள காசுகள் இரண்டாவது இடம். 1995ஆம் ஆண்டின் டபிள்யூ குறியிட்ட ப்ரூஃப் ஈகிள் 30,125 மட்டுமே வெளிவந்தது. அதுவும் பத்தாம் ஆண்டுத் தங்கக் காசுத் தொகுப்புடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதே ஆண்டின், ஃபிலடெல்ஃபியாவின் பி குறியிட்ட ப்ரூஃப் ஈகிளோ எளிதில் கிடைப்பது. ஒரு சிறிய எழுத்தை ஒட்டவைத்தோ மாற்றிப் பொறித்தோ பெருந்தொகை ஈட்ட முடியும் என்ற நிலையில், அந்தக் காசை உறை இல்லாமல் முன்பின் அறியாதவரிடம் வாங்குவது துணிச்சலாகாது, அசட்டுத்தனமாகும்.

வகை வேறுபாடுகள் மூன்றாவது. 2008ஆம் ஆண்டின் டபிள்யூ குறியிட்ட பர்னிஷ்டு ஈகிள்களில் ஏறத்தாழ 47,000 காசுகள், முந்திய ஆண்டின் பின்புற அச்சைக் கொண்டு தவறுதலாக அடிக்கப்பட்டன. பின்புற வாசகத்தின் முதல் எழுத்தாகிய யு-வின் வலக்கால் அடியில் சிறு முனை இருந்தால் அது 2008இன் அச்சு. முனையின்றி வழுவழுப்பாக வளைந்திருந்தால் 2007இன் அச்சு. இந்த வேறுபாட்டை நீங்களே ஒரு லென்ஸால் காணலாம் என்பதால் இங்கே உறை துணைச் சான்றாக மட்டுமே இருக்கிறது. கண் பழகியவர்கள் கவனமற்ற விற்பனையாளர்களிடம் இதைத் தரமிடாத விலைக்கே கண்டெடுப்பதும் உண்டு.

இந்த மூன்றுக்கும் வெளியே, ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு 70 என்று தொடர்வரிசை அமைக்க விரும்புபவர்கள் இருக்கிறார்கள். அது அழகான இலக்குதான். ஆனால் அதைத் தொடங்குமுன் 1996ஆம் ஆண்டு ஈகிளின் 70 என்ன விலை என்று பார்த்துவிடுங்கள். 3,603,386 மட்டுமே அடிக்கப்பட்ட, இந்த வரிசையிலேயே மிகக் குறைந்த புல்லியன் ஆண்டு அது. 1980களிலும் 1990களிலும் காசுகளை இன்றைய கவனத்துடன் யாரும் கையாளவில்லை. ஆகவே அக்கால ஆண்டுகளின் 70 உண்மையிலேயே அரிது, விலையும் அதற்கேற்ப உயரும். வரிசையின் எளிய பாதியை நிரப்பிவிட்டு அரிய பாதியில் நின்றுபோனவர்களின் தொகுப்புகள்தான் சந்தைக்கு அடிக்கடி வருகின்றன.

ஐந்தாம் படி: தரமிடாத காசைப் பரிசோதித்து வாங்குங்கள்

முதல் ஓராண்டுக்குத் தரமிடாத காசுகளை மட்டும் வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. கையில் எடுத்துப் பார்க்க முடியும், எடைபோட முடியும், கண் பழகும், இழப்பும் சிறிதாக இருக்கும். கிராமின் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு, மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கைக் காட்டும் வெர்னியர் காலிப்பர், ஐந்து மற்றும் பத்து மடங்கு லென்ஸ்கள், ஒரு வலுவான நியோடிமியம் காந்தம் ஆகியவை கருவிகளாகப் போதும்.

எடையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. சரியான எடையில் போலி செய்வது எளிது. சரியான எடை, சரியான விட்டம், சரியான தடிமன் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவதுதான் கடினம், ஏனெனில் வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 மட்டுமே. வெள்ளி முலாமிட்ட செம்புக் காசு ஈகிளின் எடைக்கு வர வேண்டுமானால், தடிமனாகவோ அகலமாகவோ இருந்தே தீர வேண்டும். ஈகிளின் விட்டம் 40.6 மில்லிமீட்டர், தடிமன் 2.98. மேப்பிள் லீஃபின் விட்டம் 38. ஃபில்ஹார்மோனிக்கின் விட்டம் 37. அதன் விளிம்பில் வரிகள் இருக்காது, வழுவழுப்பாக இருக்கும். ஐயம் தீரவில்லையென்றால் தராசின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து அளவைச் சுழியாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். ஓர் அவுன்ஸ் தூய வெள்ளிக்குத் தராசு ஏறத்தாழ 2.96 கிராம் காட்ட வேண்டும். சோதனைக்குப் பிறகு காசைத் தேய்க்காமல், மென்துணியில் ஒற்றி உலர்த்த வேண்டும். சேகரிப்பு மதிப்புள்ள காசிலும் ப்ரூஃப் காசிலும் இச்சோதனையைச் செய்யாதீர்கள்.

வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. சாய்த்துப் பிடித்த காசின் மேல் வலுவான காந்தத்தை வழுக்கவிட்டால் அது விழாமல் மெதுவாக இறங்கும். மின்சாரத்தை நன்கு கடத்தும் உலோகத்தின் இயல்பு அது. செம்பும் ஏறத்தாழ இவ்வாறே நடந்துகொள்ளும் என்பதால் இது மட்டும் போதாது. இந்தச் சோதனையையும் மலிவான சாதாரணக் காசோடு நிறுத்திக்கொள்ளுங்கள், காந்தத்தின் கீறல் நிலையானது. ஈகிளின் முன்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்து, காசை மேலிருந்து கீழாகப் புரட்டினால் பின்பக்கம் நேராக வர வேண்டும். மேப்பிள் லீஃபை இடமிருந்து வலமாகப் புரட்டினால்தான் நேராக வரும். சில மட்டமான போலிகள் இந்த எளிய இடத்திலேயே அகப்பட்டுவிடுகின்றன.

அண்மைக் காலக் காசுகளில் பாதுகாப்புக் குறிகள் உள்ளன. மேப்பிள் லீஃபில் 2014 முதல் நடுவிலிருந்து விரியும் நுண்கோடுகளும், லேசரால் பொறித்த மிகச் சிறிய இலை ஒன்றும் இருக்கும். அந்த இலைக்குள் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை லென்ஸால் படிக்கலாம். பிரிட்டானியாவில் 2021 முதல், சாய்க்கும் கோணத்துக்கேற்பப் பூட்டாகவும் திரிசூலமாகவும் மாறித் தோன்றும் ஒரு படம் உண்டு. அதே ஆண்டின் நடுவில் பின்புற வடிவமைப்பு மாறிய ஈகிளில், விளிம்பு வரிகளுக்கிடையே ஓரிடத்தில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விடப்பட்டது. தொடக்கத்தில் வாங்குபவர்கள் இத்தகைய குறிகள் கொண்ட ஆண்டுகளையே தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை குறையும்.

ஆறாம் படி: தரமிட்ட காசை வாங்கும்போது

ஸ்லாப்பிலும் போலி உண்டு. உள்ளே போலிக் காசு, வெளியே போலி உறை. லேபிளிலுள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீங்களே தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொட்டுப் பார்ப்பது சரிபார்ப்பாகாது. எண் இருக்கிறது என்பதோடு நிறைவடையாதீர்கள், ஏனெனில் போலி செய்பவர்கள் உண்மையான எண்களையே படியெடுக்கிறார்கள். தளத்தில் காசின் படம் இருந்தால், கையிலுள்ள காசின் சிறு கீறல், நிறமாற்றம், உறைக்குள் அது திரும்பியிருக்கும் கோணம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். உறையின் விளிம்பில் கத்தி பட்ட தடமோ, வெண்மையான விரிசலோ, பசை அடையாளமோ இருந்தால் விலகிவிடுங்கள். பெயர் கேள்விப்படாத நிறுவனம் தந்த 70 என்றால் உறையை மறந்துவிட்டு, உள்ளே இருப்பது தரமிடாத காசு என்றே விலை பேச வேண்டும்.

இந்த நிலையில் ஒரு சிறு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. 69 எண் இட்ட பொது ஆண்டுக் காசுகளை வணிகர்கள் சில வேளைகளில் தரமிடாத காசின் விலைக்கு மிக அருகிலேயே தள்ளிவிடுவார்கள். உறைக்காகக் கூடுதலாக எதுவும் கேட்கப்படாதபோது, உண்மைத்தன்மைக்கான சான்றும் பாதுகாப்பான உறையும் இலவசமாகக் கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம். இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது ஒன்றே குறை.

ஏழாம் படி: நீங்களே தரமிட அனுப்புவதாக இருந்தால்

பெரும்பாலான புதியவர்களுக்கு இது லாபம் தராது. ஒரு காசுக்கான தரமிடல் கட்டணம், இரு வழி அஞ்சல், காப்பீடு, சில சேவைகளுக்கான உறுப்பினர் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். 69 வந்தால் இந்தச் செலவு முழுதும் இழப்பு. 70 வந்தால் மட்டுமே ஏதேனும் மிஞ்சும். பெரிய வணிகர்கள் நூற்றுக்கணக்கான காசுகளைக் குறைந்த கட்டணத்தில் மொத்தமாக அனுப்புகிறார்கள். 70க்குக் குறைந்தவற்றை உறையிட வேண்டாம் என்று நிபந்தனையும் இடுகிறார்கள். திரும்பி வந்த மற்றக் காசுகள் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். தரமிடாத காசுகளாகச் சந்தையிலேயே விற்கப்படும். ஆகவே தனித்தனியாக விற்கப்படும் தரமிடாத காசுகளில் ஏற்கெனவே சலிக்கப்பட்டவை கலந்திருக்கக்கூடும். முத்திரை உடையாத ட்யூபையோ நாணயச்சாலையிலிருந்து நேரடியாக வந்த ப்ரூஃப் பெட்டியையோ வைத்திருப்பவருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்க ஓரளவு நியாயம் உண்டு. அப்போதும் முதலில் பத்து மடங்கு லென்ஸில், ஒற்றை விளக்கொளியில் காசைச் சுழற்றிப் பார்த்து, முகம், கை, திறந்த தரைப்பகுதி ஆகிய இடங்களில் தட்டல் தடம் உள்ளவற்றை ஒதுக்கிவிட வேண்டும்.

எட்டாம் படி: கையாளுதலும் பாதுகாப்பும்

காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கீழே மென்துணி விரித்திருக்கட்டும். காசின் மேல் பேசாதீர்கள், எச்சில் துளி தெறித்த இடம் பிறகு புள்ளியாக எழும். வெள்ளியைக் கறுக்கச் செய்வது காற்றிலுள்ள கந்தகம். ரப்பர் வளையம், கம்பளித் துணி, மலிவான அட்டைப் பெட்டி ஆகியவை கந்தகத்தை வெளியிடுபவை, ஆகவே அவற்றை அருகில் வைக்கக் கூடாது. பி.வி.சி. கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சை நிறப் பிசுக்கைக் காசின் மேல் படியவைக்கும். பாலியெஸ்டர் உறையோ, காசின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் அக்ரிலிக் கேப்சூலோ வாங்குங்கள். மேப்பிள் லீஃபுக்கான கேப்சூலில் ஈகிள் நுழையாது. ஈகிளுக்கானதில் மேப்பிள் லீஃப் ஆடிக்கொண்டிருக்கும், ஆடும் காசு உராயும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை ஈரம் ஏறியவுடன் மாற்ற வேண்டும். ஸ்லாப் காற்றுப் புகாத பெட்டி என்று நம்ப வேண்டாம். அதனுள்ளும் காசு நிறம் மாறும்.

பால் புள்ளி என்று அழைக்கப்படும் வெண்ணிறக் கறையைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். காசு அடிப்பதற்கு முந்திய தகடுகளைக் கழுவும்போது முழுதும் அலசப்படாமல் தங்கிய வேதிப்பொருள், சூடேற்றும்போது உலோகத்தில் பதிந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வெளியே தெரிகிறது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. பழைய மேப்பிள் லீஃபுகள் இதற்குப் பேர் போனவை. கனடா நாணயச்சாலை 2018 முதல் இதைக் குறைக்கும் மின்ட்ஷீல்டு என்ற முறையைக் கையாள்கிறது. வாங்கும்போது மாசற்றிருந்த 70இல் பின்னர் இந்தப் புள்ளி எழுந்தால் லேபிளில் எண் மாறாது. வாங்குபவரின் விலை மட்டும் மாறும். தரமிடும் நிறுவனங்களின் உத்தரவாதத்தில் இத்தகைய பின்னாள் புள்ளிகள் பொதுவாக அடங்குவதில்லை என்பதால், உத்தரவாத விதிகளைப் படித்துவிட்டே உயர்ந்த விலை கொடுங்கள். எடைக்காக வாங்கிய காசில் புள்ளி வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

எந்தக் காசையும் மெருகுப் பொடியாலோ, பற்பசையாலோ, வெள்ளி துலக்கும் திரவத்தாலோ சுத்தம் செய்யாதீர்கள். பி.வி.சி. பிசுக்கு மட்டும் விதிவிலக்கு: தூய அசிட்டோனில் நனைத்து, தேய்க்காமல் எடுத்து, தானே உலரவிட்டால் அது நீங்கும். அசிட்டோன் எளிதில் தீப்பிடிப்பது. காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புக்குத் தொலைவில் வைத்துச் செய்ய வேண்டும்.

ஒன்பதாம் படி: கணக்கேடும் விற்பனையும்

ஒவ்வொரு காசுக்கும் வாங்கிய நாள், விலை, அன்றைய ஸ்பாட் விலை, விற்றவர், சான்றிதழ் எண், இரு பக்கப் படம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். வரி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும்; வாங்கும்போதும், எல்லை தாண்டி அனுப்பும்போதும், லாபத்தில் விற்கும்போதும் தனித்தனியே வரி விதிக்கப்படலாம் என்பதால், உங்கள் நாட்டின் விதியைக் கணக்கர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

விற்கும்போது தரமிடாத பொதுக் காசுகளைப் புல்லியன் வணிகரிடம் ட்யூபோடு கொடுப்பதே எளிது. திறக்கப்படாத ட்யூபுக்கும் பெட்டிக்கும் சற்றுக் கூடுதல் மதிப்பு கிடைக்கும். ஈகிள் ட்யூபில் 20 காசுகளும், மேப்பிள் லீஃப், பிரிட்டானியா ட்யூபுகளில் 25 காசுகளும் இருக்கும். 70களையும் அரிய ஆண்டுகளையும் அதே வணிகரிடம் கொண்டுபோனால் பெரும்பாலும் எடைக்கான விலைதான் பேசுவார். அவற்றை நாணயச் சேகரிப்பாளர்கள் வாங்கும் ஏலத்திலோ, சேகரிப்பு வணிகரிடமோதான் விற்க வேண்டும். இந்த வேறுபாடு உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆகவே கணக்கேட்டின் முதல் பக்கத்திலேயே எந்தக் காசுகளை எடைக்கு விற்கலாம், எவற்றை எடைக்கு விற்கக் கூடாது, எந்த உறையை எந்த நிலையிலும் உடைக்கக் கூடாது என்று மூன்று பட்டியல்களை எழுதி, ஆண்டுக்கொரு முறை திருத்திவையுங்கள்.